பெருமருந்துக் கொடியும் இரண்டு பட்டாம்பூச்சிகளும்

அகிலா எங்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறாள். சேர்ந்த புதிதில் அவளோடு யாரும் அதிகம் பேசவில்லை. பிஎச்.டி.யைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் என்பது மட்டும் தெரியும். ஏதோ காதல் விவகாரம் என்று ஒரு டீச்சர் சொன்னார்கள். கைடோடு சண்டை என்று இன்னொருவர் சொன்னார். நான் கணக்கு எடுக்கிறவள், ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பக்கத்து மேசை. ஒரு வருஷம் சேர்ந்து சாப்பிட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடைசியில் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

அவள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. அப்பா உமாபதி பட்டு நெய்கிறவர், அம்மா வடிவாம்பாள் அவருக்குக் கூடவே வேலை செய்கிறவர். ஒரே பெண். உமாபதிக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. அதனால் மகள் எம்.எஸ்சி. முடித்து, ரயிலில் போய் வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்குப் பட்டாம்பூச்சி என்று சொல்வார். கேட்டவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவள் எடுத்துக்கொண்டவை இரண்டு பட்டாம்பூச்சிகள். இரண்டும் பின் இறக்கையில் வால் நீட்டிக்கொண்டிருக்கும் வகை, அக்கா தங்கை என்று சொல்லும் அளவுக்கு நெருங்கிய சொந்தம். ஒன்றின் பெயர் கிரிம்சன் ரோஸ், மற்றது காமன் ரோஸ். இரண்டுக்கும் கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு. பறக்கும்போது எது எது என்று நம்மைப் போன்றவர்களால் சொல்ல முடியாது. உட்கார்ந்தால் தெரியும். கிரிம்சன் ரோஸுக்கு முன் இறக்கையில் வெள்ளைப் பட்டைகள் ஓடும். காமன் ரோஸுக்கு முன் இறக்கை வெறும் கறுப்பு. அதன் வெள்ளை, பின் இறக்கையின் நடுவில் திட்டாக இருக்கும். புழுவிலும் அப்படித்தான். இரண்டு புழுவும் கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் சதை முள்ளோடு இருக்கும். காமன் ரோஸ் புழுவுக்கு மட்டும் இடுப்பில் துணி சுற்றியதுபோல ஒரு வெள்ளைப் பட்டை உண்டு.

இரண்டும் தின்பது ஒரே சாதிச் செடிகளைத்தான். வரப்பில் படரும் ஆடுதீண்டாப்பாளை, வேலியில் ஏறும் ஈசுவரமூலிக் கொடி. இரண்டிலும் விஷம் இருக்கிறது. புழு அந்த விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது பட்டாம்பூச்சியான பிறகும் உள்ளேயே இருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்டே வராது. ஒரே செடி, ஒரே விஷம், ஏறக்குறைய ஒரே உருவம். அப்படி இருந்தும் கிரிம்சன் ரோஸ் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுக் கடல் தாண்டுகிறது, காமன் ரோஸ் பிறந்த தோட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதுதான் அகிலாவின் கேள்வி. புழுவாக இருக்கும்போது எது எவ்வளவு தின்கிறது என்பதிலிருந்து அதற்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உமாபதிதான் அவளை மொபெட்டில் தாமல் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார். இவள் இலையைத் திருப்பித் திருப்பி முட்டை தேடுவாள், அவர் குடை பிடிப்பார். நாலைந்து வாரத்தில் அவருக்கும் கண் பழகிவிட்டது. ஒருநாள் கரையில் இரண்டும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்ததைக் காட்டி, தறியில் நெய்யும் சேலையைச் சொல்வதுபோல, "ரெண்டும் ஒரே பாவுதான்மா. ஒண்ணுக்கு வெள்ளையை முந்தியில போட்டுட்டான், ஒண்ணுக்கு உடல்ல போட்டுட்டான்" என்றாராம். அதை அகிலா ஆங்கிலத்தில் மாற்றித் தன் கைடு நதியா மேடத்திடம் சொல்ல, அவர் வகுப்பிலேயே அதைச் சொல்லிக்காட்டினாராம்.

கல்லூரியில் பூச்சி வளர்க்கும் கூண்டு அறையில் எலி புகுந்து ஒரு தொகுதிப் புழுக்களை நாசம் செய்துவிட்டது. அதனால் வீட்டு மாடியிலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தாள். ஈசுவரமூலி நாற்றுகளை வாங்கி வந்தவர் உமாபதி. விற்றவர் அதைப் பெருமருந்து என்று சொன்னார். நாட்டு மருந்துக்காரர்கள் அந்தக் கொடியை அப்படித்தான் சொல்வார்கள். பாம்புக்கடிக்கு, மூட்டு வலிக்கு, சர்க்கரைக்கு, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அவர் சொல்லி அனுப்பினார். உமாபதிக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கொடிகளைத் தொட்டியில் வைத்துக் குச்சி நட்டுக் கயிறு கட்டி ஏற்றிவிட்டதெல்லாம் அவர் வேலை.

கிழக்குச் சுவர் ஓரம் இருந்த தொட்டிகளில் கிரிம்சன் ரோஸ் புழுக்கள். மேற்குச் சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காமன் ரோஸ் புழுக்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொசுவலை. மாடிப்படி ஓரம் புழு இல்லாத தொட்டிகள் சில, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. புழு தின்னாமலே கொடி எவ்வளவு இலையை இழக்கிறது என்று அதில் தெரியும். அந்தத் தொட்டிகளில் நீல நூல் கட்டி, இதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று அப்பா அம்மா இருவரிடமும் சொன்னாள். காலையில் ரயிலுக்குப் போனால் இரவுதான் திரும்புவாள். தண்ணீர் ஊற்றுவது, காக்கை வலையைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் உமாபதிதான். சாப்பிடும்போது எந்தப் புழு தோல் உரித்தது, எது கூட்டுக்குள் போனது என்று மகளுக்குச் சொல்வார். அவளும் கதை சொல்வாள். கிரிம்சன் ரோஸ்தான் அவளுக்குச் செல்லம். இத்தனூண்டு பூச்சி கடலைத் தாண்டுகிறதே என்று அவள் சொன்னதை அவர் தறியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொன்னார்.

தொகுதி தொகுதியாக ஏழெட்டு மாதம் வளர்த்தாள். தொட்டிகளில் குறைந்த இலையை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. காமன் ரோஸ் புழு, கிரிம்சன் ரோஸ் புழு தின்றதைப்போலக் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு தின்றது. ஒரு தொகுதியில் மட்டும் இல்லை, எல்லாத் தொகுதியிலும். ஒப்பிட வைத்த தொட்டிகளில் இலை குறையவே இல்லை, ஆக வேறு எதுவும் கடிக்கவில்லை. விடை கைக்குக் கிடைத்துவிட்டது. அதிகம் தின்றாக வேண்டிய பூச்சி, அடர்த்தியாகக் கொடி இருக்கும் இடத்தை விட்டு நகராது. கொஞ்சத்தில் வளரும் பூச்சி, வரப்பில் கிடக்கும் சின்னச் செடியை நம்பிக்கூட ஊர் ஊராகப் போகலாம். நதியா மேடம் இரண்டு தடவை கணக்கைச் சரிபார்த்தார். கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் அகிலா பேசினாள். பேசி முடித்ததும் வெளிமாநிலத்துப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, இத்தனை எளிமையான விளக்கம் இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றாமல் போனதே என்றார். அந்த வருஷமே அது கட்டுரையாக வந்தது. உமாபதி அந்தப் பக்கங்களை லேமினேட் செய்து தறிக்கு மேலே மாட்டினார்.

அதற்குள்ளேயே அவர் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது. பசி இல்லை என்றார். முகம் வெளுத்தது. சாயங்காலமானால் கால் வீங்கியது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்கிறவர்களுக்குக் கால் வீங்குவது புதிதில்லை என்று வடிவாம்பாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். சர்க்கரை மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது, அதனால் யாரும் பயப்படவில்லை. ஒருநாள் காலை மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்து, மறுநாள் மருத்துவர் அகிலாவையும் வைத்துக்கொண்டே கேட்டார். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக் கிடக்கின்றன, சர்க்கரையால் மட்டும் இவ்வளவு சீக்கிரம் இப்படிச் சுருங்காது, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று.

உமாபதி தயங்காமல் சொன்னார். "வெளியில எதுவும் வாங்கலீங்க. எங்க பொண்ணு மாடியில வளக்குது பாருங்க, பெருமருந்துக் கொடி. அதான் தினம் ஒரு கைப்பிடி அரைச்சு வெறும் வயித்துல குடிக்கிறேன்."

மருத்துவர் அந்தச் செடிக்கு வேறு பெயர் என்ன என்று அகிலாவைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கொடியின் விஷம் மனிதனுடைய சிறுநீரகத்தை அழிக்கும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம். அகிலாவுக்கும் தெரியும். அவளுடைய ஆய்வின் முதல் அத்தியாயத்தில் அவளே அதை ஒரு வரி எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில். வீட்டில் விஷம் என்று சொன்னபோதெல்லாம் அவள் பேசியது குருவியைப் பற்றி.

படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டாள்.

"நீதானேம்மா சொன்ன, அதைத் தின்னா எதுவும் கிட்ட அண்டாதுன்னு. புழு தின்னுக்கினு நல்லாத்தானே இருக்குது. நீ வளர்க்கிற செடி, கெடுதல் பண்ணுமா?"

அவள் அழவில்லை. பிறகு இன்னொன்று கேட்டாள். அதைக் கேட்டதற்காகத் தன்னை மன்னிக்கவே முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள். அப்பா சாகக் கிடக்கும்போது வாயில் வந்த கேள்வி அது. எந்தத் தொட்டியிலிருந்து இலை பறித்தீர்கள்?

மேற்குச் சுவர்த் தொட்டிகளில் என்றார் உமாபதி. அதில் மட்டும்தான். நீல நூல் கட்டியதைத் தொடக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், கிழக்குப் பக்கம் இருப்பது உனக்கு ரொம்ப முக்கியமான பூச்சி, அதன் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றார். வலையை மெதுவாகத் தூக்கி, புழு இல்லாத கிளையாகப் பார்த்துப் பறித்து, மறுபடி ஒழுங்காகக் கட்டிவிட்டாராம். இடையூறு இல்லாமல் செய்ததில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

காமன் ரோஸ் அதிகம் தின்னவில்லை. அந்த அரைப் பங்கு அவர் தின்றது.

எல்லாத் தொட்டியிலும் பரவலாகப் பறித்திருந்தால் வித்தியாசமே வந்திருக்காது. நூல் கட்டிய தொட்டியில் பறித்திருந்தால் உடனே தெரிந்து, அன்றைக்கே பிடித்திருப்பாள். சிறுநீரகமும் தப்பித்திருக்கும். மகளுடைய வேலை கெடக்கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மாடி காலியாக இருந்தது. வடிவாம்பாள் கொடிகளை வேரோடு பிடுங்கி, வலையோடு சுருட்டி, குப்பை வண்டியில் போட்டிருந்தார். புழுக்களும் அதோடு போயிருந்தன. அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "புழுவு எவ்ளோ தின்னுதுன்னு தினம் பார்த்தியே. உங்க அப்பா சோறு தின்னாரா இல்லையான்னு ஒரு நாள் பார்த்தியா?"

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அகிலா நதியா மேடத்திடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு நல்ல மருத்துவராகப் பார்த்து ஏற்பாடு செய்துகொடுத்ததுகூட அவர்தான். எல்லாம் கேட்டுவிட்டு, கல்லூரியிலேயே கூண்டு வைத்து முதலிலிருந்து ஒரு தொகுதி வளர்த்துப் பார் என்றார். வளர்த்தாள். இரண்டு புழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்றன.

"இதை இப்படியே விட்டுடு, அகிலா. இதுக்கு மேல யாரும் அந்த இலையை அளந்து பார்க்கப் போறதில்லை. திரும்ப எடுத்தா உன் பேரு மட்டும் இல்ல, என் பேரும் போகும். உனக்கு வீட்ல இருக்கிற கஷ்டத்துல இது வேறயா?"

அவள் கேட்கவில்லை. தானே அந்தப் பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரை விலக்கப்பட்டது. காரணம் என்று அவர்கள் போட்ட வரியில், வளர்ப்பு இடத்தில் மனிதத் தலையீடு இருந்தது என்று இருந்ததாம். அந்த மனிதர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நதியா மேடம் அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதிதாகத் தொடங்க இன்னும் மூன்று வருஷம் வேண்டும். உதவித்தொகைக் காலமும் முடிந்திருந்தது. அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திக்கொண்டு எங்கள் பள்ளியில் சேர்ந்தாள்.

இதற்கு நடுவில் உமாபதிக்குச் சிறுநீரகம் கொடுக்கும் பேச்சு வந்தது. வடிவாம்பாளுக்கும் சர்க்கரை இருந்ததால் அவரிடம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அகிலாவின் ரத்த வகை பொருந்தியது. சோதனைகளுக்கெல்லாம் நாள் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் சொன்னாள். உமாபதி முடியாது என்றார். கல்யாணம் ஆகாத பெண்ணின் உடம்பைக் கிழிக்க விடமாட்டேன் என்றார். வடிவாம்பாளும் அவர் பக்கம்தான். இவள் கெஞ்சினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அவர் அசையவில்லை. தன்னால் கொடுக்க முடிந்த ஒரே ஒரு பொருளையும் வாங்க மறுத்துவிட்டார்களே என்று அவள் என்னிடம் சொன்னாள். நல்லதற்குத்தான் செய்தார்கள் என்று ஏதோ சொல்லிவைத்தேன். எங்க வீட்ல எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யறோம் என்றாள்.

வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பள்ளி விட்டதும் அகிலா நேராக அங்கே போய், அப்பாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். போன கார்த்திகையில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, என் ஸ்கூட்டியில் அவளை இறக்கிவிட்டேன். மழை விடட்டும் என்று நானும் உள்ளே போனேன்.

உமாபதி மிஷினோடு இணைத்துப் படுத்திருந்தார். அடுத்த கட்டிலில் தனசேகரன் என்று ஒருவர், லாரி ஓட்டியவர், புதிதாக வரத் தொடங்கியவர். உமாபதி அவருக்கு ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

"எனக்கு சுகர் முன்னூறுக்குக் கீழ இறங்கினதே இல்லபா. அந்தக் கொடி குடிச்ச மாசமெல்லாம் நூத்தி இருபதுதான். இவனுங்க குடுத்த மாத்திரையாலதான் கிட்னி போச்சு. அந்தச் செடியை நான் குறை சொல்ல மாட்டேன்."

தனசேகரன் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தாமல் ஏரிப் பக்கம் போனால் வேலி வேலியாகக் கிடக்கிறது என்று உமாபதி வழி சொல்லத் தொடங்கினார்.

அகிலா முன்னால் போனாள். அவள் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. அது விஷம், அதைக் குடித்துத்தான் இவர் இங்கே படுத்திருக்கிறார் என்றாள். சிறுநீரகம் செத்துக்கொண்டிருந்ததால்தான் சர்க்கரை குறைந்தது, அது குணமானது இல்லை, உடம்பு கெட்டதற்கு அடையாளம் என்றாள். தயவுசெய்து அதைத் தொட்டுவிடாதீர்கள் என்று தனசேகரனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து, சத்தம் போடாதீங்க மேடம் என்றாள்.

உமாபதி ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கொடியை அவர் உண்மையிலேயே நம்புகிறாரா, மகள்மேல் பழி விழக்கூடாது என்றுதான் மாத்திரையின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அகிலாவுக்கும் தெரியாது. இரண்டாவதாக இருந்தால், ஊரார் முன்னால் அதை அவளே உடைத்துப் போட்டாள்.

மழை விட்ட பிறகு இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் உமாபதி மனைவியிடம், "உன் பொண்ணு பத்து பேரு முன்னால என்னை முட்டாளாக்கிட்டா. இனிமே அது வர வேணாம்" என்றாராம். அடுத்த வாரத்திலிருந்து உமாபதியின் தங்கை மகன் லோகேஷ் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து அவரைக் கூட்டிப்போகிறான். தனசேகரன் என்ன ஆனார் என்று லோகேஷிடம் கேட்டு வரச் சொன்னாள் அகிலா. அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை இப்போதும் இருக்கிறது. கூடினால் நீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்று, உமாபதி ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீருக்கு மருத்துவர் அளவு சொல்லியிருக்கிறார். வடிவாம்பாள் கையில் விட்டால் மனசு கேட்காமல் கூடக் கொடுத்துவிடுவார். அதனால் காலையில் அகிலாதான் பாட்டிலில் அளந்து ஊற்றி வைக்கிறாள். மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடுகிறது. இரவு அவள் சோறு போடும்போது, தொண்டை காயுது, இன்னும் ஒரு வாய் கொடு என்று கேட்பார். அவளோடு அவர் பேசுவது அது ஒன்றுதான். அவள் கொடுப்பதில்லை.